பிணத்தையும் வடித்தார், பேரரசரையும் வடித்தார்: சிற்பி ஜாகர் யார்?

2022 செப்டம்பரில் டெல்லி இந்தியா கேட்டுக்குப் பின்னால் இருக்கும் கல் மண்டபத்தில் நேதாஜி சிலையைத் திறந்தார்கள். கறுப்புக் கிரானைட், 28 அடி உயரம், மைசூரு சிற்பி அருண் யோகிராஜ் தலைமையில் செதுக்கியது. அன்றிலிருந்து அந்த மண்டபத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே கூடவே குழப்பமும் வந்துவிடுகிறது. முன்பு அங்கே நின்றது யார், அதைச் செய்தது யார், எப்போது எடுத்தார்கள்? 2022இல்தான் வெள்ளைக்கார ராஜாவை இறக்கிவிட்டு நேதாஜியை ஏற்றினார்கள் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. ராஜா 1968இலேயே இறங்கிவிட்டார், அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் மண்டபம் காலியாகத்தான் கிடந்தது.

அந்த ராஜா ஐந்தாம் ஜார்ஜ். சிலையை உருவாக்கியவர் சார்ல்ஸ் சார்ஜண்ட் ஜாகர் என்ற ஆங்கிலேயச் சிற்பி. முதல் உலகப்போரில் துப்பாக்கி தூக்கி, இரண்டு முறை பலத்த காயம் பட்டு, வீரப் பதக்கம் வாங்கியவர். டெல்லி சிலையை மட்டும் வைத்து இவரை எடை போட்டால் தப்புக் கணக்காகிவிடும், ஏனென்றால் இவர் பெயர் நிற்பது வேறு வேலைகளால். கொஞ்சம் பின்னாலிருந்து வந்தால்தான் இது புரியும்.

முதலில் சில அடிப்படைகள்

1. வெளிநாட்டுப் போர்முனையில் செத்தவனுக்குச் சொந்த ஊரில் எதற்குச் சின்னம்? 1915இலேயே, இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்று பிரிட்டிஷ் ராணுவம் முடிவு செய்துவிட்டது. வசதியான வீட்டுப் பிள்ளையின் உடல் மட்டும் வீடு வந்து சேரும், கூலிக்காரன் பிள்ளை அங்கேயே மண்ணாவான் என்ற நிலை வந்துவிடக் கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். எங்கே விழுந்தார்களோ அங்கேயே புதைத்தார்கள், பிறகு அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல் நட்டார்கள். நந்தம்பாக்கத்தில் மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் இருக்கும் போர்க் கல்லறைக்குப் போனால் இந்த விதியை வரிசை வரிசையாக நேரிலேயே பார்க்கலாம். அங்கே இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கல்லறைகள், ஆனால் விதி அதேதான். இதன் விளைவாகப் பிரிட்டனில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு உட்கார்ந்து அழ ஒரு சமாதிகூட இல்லாமல் போனது. அதனால்தான் 1918க்குப் பிறகு ஊர், பள்ளிக்கூடம், ரயில்வே கம்பெனி, படைப்பிரிவு என்று ஆளாளுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். சிற்பிகளுக்குக் கை நிறைய வேலை.

2. அந்தச் சின்னங்களில் வழக்கமாக என்ன இருக்கும்? சிறகு விரித்த வெற்றித் தேவதை, சிலுவை, வாளேந்திய புனிதர். அல்லது உருவமே இல்லாத கல். லண்டனில் எட்வின் லட்யன்ஸ் கட்டிய செனடாஃப் இரண்டாவது வகை. செனடாஃப் என்றால் உள்ளே உடல் இல்லாத வெற்றுக் கல்லறை, அவ்வளவுதான். செத்தவன் எப்படிச் செத்தான் என்பதை இந்த இரண்டு வகையும் சொல்லாது, சொல்லவும் அப்போது யாரும் விரும்பவில்லை.

3. சிற்ப வேலையில் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். சுவரோடு ஒட்டி உருவம் முன்னால் எழும்பி நின்றால் அது புடைப்புச் சிற்பம், மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு மாதிரி. சுற்றி வந்து பார்க்க முடிந்தால் முழு உருவச் சிற்பம். வெண்கலத்தில் செய்யும்போது ஐரோப்பியச் சிற்பி முதலில் களிமண்ணில் உருவத்தைப் பிடித்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்து, வார்ப்புப் பட்டறைக்கு அனுப்பிவிடுவார். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை ஊற்றுவார்கள், அங்கே வருகிற சிலை பெரும்பாலும் கெட்டியானது. ஐரோப்பியப் பெரிய சிலைகளோ உள்ளே கூடு. ஜாகர் அடிப்படையில் களிமண்காரர், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிப் பட்டறையிலிருந்து போர்முனைக்கு

ஜாகர் 1885 டிசம்பரில் இங்கிலாந்தின் யார்க்ஷயரில், நிலக்கரிச் சுரங்கப் பகுதியான கில்ன்ஹர்ஸ்ட்டில் பிறந்தார். அப்பா சுரங்க மேலாளர். பதினான்கு வயதில் ஷெஃபீல்டில் வெள்ளிச் சாமான் தயாரிக்கும் கம்பெனியில் உலோகத்தில் சித்திரம் செதுக்கும் வேலைக்குப் பழகுநராகச் சேர்ந்தார். சாயங்கால வகுப்பில் ஓவியப் பள்ளி, அதற்கப்புறம் உதவித்தொகையில் லண்டன் ராயல் கலைக் கல்லூரி, அங்கே லாண்டேரி என்ற ஆசிரியரிடம் களிமண் வேலை. 1914இல் ரோம் பரிசு கிடைத்தது. ரோமில் தங்கி, செலவுக் கவலை இல்லாமல் சிற்பம் பயிலலாம். அன்றைய இளம் சிற்பிக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு இருந்திருக்காது.

போர் வெடித்தது. ஜாகர் பரிசை விட்டுவிட்டு, ஓவியர்களும் கலைஞர்களும் நிறைந்த ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைஃபிள்ஸ் என்ற படைப்பிரிவில் சேர்ந்தார். 1915இல் வூஸ்டர்ஷயர் படைப்பிரிவில் அதிகாரியாகி, துருக்கியின் கலிப்போலிக்குப் போனார். அங்கே காயம். தேறிய பிறகு மேற்குப் போர்முனை, 1918 வசந்தத்தில் ஜெர்மானியர்கள் பெரிய தாக்குதல் தொடுத்தபோது ஃபிளாண்டர்ஸில் மறுபடியும் பலத்த காயம். மிலிட்டரி கிராஸ் பதக்கம் கிடைத்தது.

காயம் ஆறிக்கொண்டிருந்த காலத்திலேயே போரைச் சிற்பமாக்கும் வேலை தொடங்கிவிட்டது. 1919-20இல் செய்த ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கப் பதுங்குகுழிகளுக்கும் நடுவில், யார் கையிலும் இல்லாத நிலப்பரப்பு. முள்கம்பி, கிழிந்த சீருடை, கிடையாகச் சாய்ந்த பிணங்கள். அவற்றுக்கு நடுவே உயிருள்ள ஒரே ஒரு ஆள் பதுங்கிக் கிடக்கிறான். ஒட்டுக் கேட்பவன் அவன். ராத்திரியில் ஊர்ந்து போய், எதிரி என்ன பேசுகிறான், எங்கே தோண்டுகிறான் என்று காது கொடுப்பதுதான் வேலை, பிணத்தோடு பிணமாகக் கிடந்தால்தான் பிழைப்பான். இப்படி ஒரு வேலை இருந்தது என்பதே ஊரில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பீரங்கிப் படைக்காரர்கள் கேட்டது என்ன?

ஜாகரின் பெயரை நிலைநிறுத்தியது லண்டன் ஹைட் பார்க் கார்னரில் இருக்கும் ராயல் ஆர்ட்டிலரி நினைவுச் சின்னம். 1925 அக்டோபர் 18 அன்று திறந்தார்கள். திறந்து வைத்தவர் கன்னாட் கோமகன், 1921இல் டெல்லி இந்தியா கேட்டுக்கு அடிக்கல் நாட்டிய அதே ஆள்.

பின்கதை சுவாரசியமானது. பீரங்கிப் படைக் குழு ஜாகருக்கு முன்பு அணுகியவர்களில் செனடாஃப் கட்டிய லட்யன்ஸும் ஒருவர். அவருடைய வரைபடங்கள் குழுவுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் கேட்டது, பார்த்ததும் இது பீரங்கிக்காரனுடைய சின்னம் என்று யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்பதைத்தான். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்றதில் பெரும்பங்கு பீரங்கிக் குண்டுக்கு. பீரங்கிப் படையிலேயே 49,076 பேர் இறந்ததாகச் சின்னத்தில் பொறித்திருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குச் சிறகு வைத்த தேவதை எதற்கு?

லட்யன்ஸைத் தாண்டி வேலை ஜாகரிடம் வந்தது, கட்டடக் கலைஞர் லயனல் பியர்சனுடன் சேர்ந்து செய்தார். அவர் மேலே உட்கார வைத்தது மனிதனையே அல்ல, 9.2 அங்குல ஹோவிட்சர் ஒன்றை, அதையும் கல்லிலேயே. ஹோவிட்சர் என்றால் குட்டைக் குழலால் குண்டை உயரமாக எறிந்து தலைக்கு மேலே விழவைக்கும் பீரங்கி. 9.2 அங்குலம் என்பது குழலின் விட்டம், ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். கட்டி முடித்ததும் தேரைத் தவளை உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தவர்களும் உண்டு. போரில் இருந்து திரும்பியவர்கள் அந்தக் கேலியில் சேரவில்லை.

பீடத்தைச் சுற்றி நாலு வெண்கல உருவங்கள். ஒரு பக்கம் அதிகாரி, ஒரு பக்கம் குண்டு சுமப்பவன், ஒரு பக்கம் குதிரை ஓட்டி, நாலாவது பக்கம் பிணம்.

குதிரை ஓட்டியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்போது பீரங்கியைக் குதிரைகள்தான் இழுத்தன. ஜோடி ஜோடியாகப் பூட்டிய குதிரைகளில் ஒன்றின்மேல் ஆள் உட்கார்ந்து, பக்கத்துக் குதிரையையும் ஓட்ட வேண்டும். அப்போது வலது கால் இரண்டு குதிரைகளுக்கும் நடுவில், ஏர்க்காலும் அங்கேதான், மாட்டினால் எலும்பு முறியும். அதற்காக வலது காலில் மட்டும் கெட்டியான ஒரு காப்பு கட்டிக்கொள்வார்கள். ஜாகரின் ஓட்டிக்கு அந்தக் காப்பு இருக்கிறது, ஒரு காலில் மட்டும். மழைப் போர்வை தோளிலிருந்து தொங்க, இரண்டு கையையும் விரித்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறான். சிலுவையில் அறைந்த மாதிரி இருக்கிறது என்று எழுதுகிறார்கள், எனக்கு என்னவோ ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு விடிகாலையில் நிற்கிற ஆளாகத்தான் தெரிகிறான், அதுவே போதும்.

அப்புறம் அந்தப் பிணம். பீடத்தின்மேல் மல்லாந்து கிடக்கிறது. மேல்கோட்டால் முகத்தோடு சேர்த்து மூடியிருக்கிறார்கள், அதன்மேல் இரும்புத் தொப்பி. ஆணி அடித்த பூட்ஸ் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. முகம் தெரியாததால் யாருடைய மகனாகவும் இருக்கலாம். இந்த உருவம் முதல் திட்டத்தில் இல்லை, வேலை பாதியில் இருக்கும்போது ஜாகர் சேர்க்கச் சொன்னது, குழுவில் இதைப் பற்றி விவாதம் நடந்தது, கடைசியில் ஜாகர் சொன்னதுதான் நின்றது. லண்டனின் நடுவில், பேருந்து போகிற சாலை ஓரத்தில், செத்த சிப்பாயைச் செத்த சிப்பாயாகவே கிடத்தியது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை.

இதற்கு நேர் எதிரான மென்மையும் அவருக்கு வரும். லண்டன் பேடிங்டன் ரயில் நிலையத்தில் முதல் நடைமேடையில் ஒரு சிப்பாய் நின்று வீட்டுக் கடிதம் படித்துக்கொண்டிருக்கிறான், தோளில் கோட்டு, கழுத்தில் கம்பளித் துண்டு. போரில் இறந்த 2,500க்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களுக்காக 1922இல் வைத்தது.

நம் நடுகல்லும் இவரும்

நமக்கு இது அவ்வளவு புதிதாகப் படக் கூடாது. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்ட ஊர் இது. கல்லைத் தேடிப் பார்ப்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது என்று தொல்காப்பியம் ஆறு படி சொல்லும். செங்கம் பகுதி நடுகற்களில் உடம்பில் அம்பு தைத்த வீரர்களையே செதுக்கியிருக்கிறார்கள், எப்படிச் செத்தான் என்பது கல்லிலேயே தெரியும். எழும்பூர் அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. ஐரோப்பிய வழக்கத்துக்குப் பிணம் அதிர்ச்சியாக இருந்த அளவுக்கு நடுகல் பார்த்து வளர்ந்தவனுக்கு இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஒரே வித்தியாசம், நடுகல் வீரன் செத்தும் கையில் ஆயுதத்தோடு நிற்பான். ஜாகரின் ஆள் எழுந்திருக்க மாட்டான்.

போருக்குப் போனதால்தான் நல்ல சிற்பியா?

அனுபவம்தான் எல்லாம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஜாகர் விஷயத்தில் அது பாதிதான் உண்மை. மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. கை. வார், கொக்கி, தையல், ஆணி எதையும் அவர் குத்துமதிப்பாக விடவில்லை. வெள்ளித் தட்டில் நுணுக்கமாகச் செதுக்கிப் பழகிய கை அது. போருக்கு முன்பே வந்த தேர்ச்சி.

2. கண். எந்தப் பக்கத்துக் கால் நசுங்கும், நனைந்த போர்வை எப்படித் தொங்கும், களைத்தவன் முதுகு எங்கே வளையும், இதெல்லாம் போர்முனையில் இருந்ததால் வந்தது. சென்னைக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பார்த்தவர்களுக்குச் சொன்னால் புரியும். பாறையின் கனம் பாறையில் தெரிவதைவிட அந்த நாலு பேரின் கால் தசையில்தான் தெரிகிறது. ராய் சௌத்ரி போருக்குப் போனவர் இல்லை, ஆனால் கனத்தை உடம்பில் காட்டுவது என்ற வழி இரண்டு பேருக்கும் பொது.

3. காசு கொடுப்பவர். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பீரங்கிக்காரர்கள் உள்ளதை உள்ளபடி கேட்டார்கள், அதனால் பிணம்வரை போக முடிந்தது. வேறு ஒரு குழுவாக இருந்தால் இதே ஜாகர் தேவதையைச் செய்து கொடுத்திருப்பார், தயங்கியிருக்க மாட்டார். அதற்குச் சாட்சிதான் டெல்லி.

இந்தியாவுக்கு அவர் செய்த வேலைகள்

முதலில் சூயஸ். முதல் உலகப்போரில் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் இறந்த ஏறக்குறைய 4,000 இந்தியப் படையினருக்கு, சூயஸ் கால்வாய் ஓரம் போர்ட் தௌஃபிக்கில் 1926இல் சின்னம் எழுப்பினார்கள். அதற்கு ஜாகர் செய்தது பாயத் தயாராக இருக்கும் இரண்டு புலிகள். அந்த இடம் 1967க்குப் பிறகு எகிப்து-இஸ்ரேல் சண்டையின் நடுவில் மாட்டி, சின்னம் சிதைந்து, பிறகு அகற்றிவிட்டார்கள். அந்தப் பெயர்களுக்காக 1980இல் கெய்ரோவின் ஹீலியோபோலிஸ் போர்க் கல்லறையில் புதிதாக ஒன்று வைத்தார்கள். புலிகள் போனது போனதுதான்.

அடுத்து டெல்லி. குடியரசுத் தலைவர் மாளிகையின் கல் யானைகள் அவருடையவை. ஹார்டிஞ்ச், ரீடிங் ஆகிய இரண்டு வைஸ்ராய்களின் சிலைகளும் அவர் செய்தவை. கடைசியாக வந்தது ஐந்தாம் ஜார்ஜ். வெள்ளைச் சலவைக்கல், முடிசூட்டு அங்கி, தலையில் கிரீடம், கையில் செங்கோல். வேலை முடிவதற்குள் 1934 நவம்பரில், 48 வயதில் ஜாகர் இறந்துவிட, மற்றவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். மண்டபம் லட்யன்ஸ் கட்டியது. லண்டனில் பீரங்கிக்காரர்கள் வேண்டாம் என்று சொன்ன லட்யன்ஸும் அந்த வேலையை வாங்கிய ஜாகரும் டெல்லியில் கூட்டாளிகள்.

சிலையாகப் பார்த்தால் வேலையில் குறை சொல்ல முடியாது, துணி மடிப்பெல்லாம் சுத்தம். ஆனால் அங்கிக்குள் உடம்பு இருப்பதாகவே தெரியாது. குதிரை ஓட்டியைச் செய்த கையா இது என்று இருக்கும். ராஜாவை உயரத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் வேலை, செய்தார்.

சிலை போய்ச் சேர்ந்த இடம்

வரிசையாகச் சொன்னால் குழப்பம் தீரும்.

1. 1936: இந்தியா கேட்டுக்குப் பின்னால் மண்டபம் எழுந்தது, பிறகு அதில் ராஜா.

2. 1947க்குப் பிறகும் இருபது வருடம் ராஜா அங்கேயே நின்றார். கிண்டலும் எதிர்ப்பும் இருந்தன. 1965 ஆகஸ்டில் சம்யுக்த சோஷலிஸ்ட் கட்சிக்காரர்கள் தார் பூசி, மூக்கையும் கிரீடத்தையும் உடைத்துவிட்டு, அங்கே நேதாஜியின் படம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். அந்த இடத்துக்கு நேதாஜி வேண்டும் என்ற யோசனை 2022இல் முளைத்தது இல்லை.

3. 1968: சிலை வடக்கு டெல்லியில் இருக்கும் கொரோனேஷன் பூங்காவுக்குப் போனது.

4. 2022 ஜனவரியில் நேதாஜியின் ஒளி உருவம், செப்டம்பர் 8 அன்று கிரானைட் சிலை.

இந்த வழி சென்னைக்கு முன்பே தெரிந்ததுதான். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய கர்னல் நீல் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதை எடுக்கச் சொல்லிப் பெரிய போராட்டம், 1937இல் ராஜாஜி அரசு வந்ததும் எடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். உடைக்கவும் இல்லை, சாலையில் விடவும் இல்லை. அதே நேரத்தில் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் பழைய மதராஸ் கவர்னர் மன்றோவை யாரும் தொடவில்லை. எந்தச் சிலை போகும், எது இருக்கும் என்பதைச் சிற்பியின் திறமை முடிவு செய்வதில்லை, நின்றுகொண்டிருக்கும் ஆள்தான் முடிவு செய்கிறார்.

டெல்லிக்குப் போகிறவர்கள் கொரோனேஷன் பூங்காவுக்கும் ஒரு நடை போய்வரலாம், கூட்டமே இருக்காது. ராஜாவைப் பார்த்துவிட்டு, குடியரசுத் தலைவர் மாளிகைக்கு முன்பதிவு கிடைத்தால் யானைகளையும் பாருங்கள். என்னைக் கேட்டால் யானைகள்தான் மேல்.